சாரல்ல வண்டி ஏன் பாம்பு மாதிரி போகுது?

ஐந்தருவி ரோட்டுல ஒரு வளைவு. எதிரே டவுன் பஸ். பின் சீட்ல நண்பன், அவன் மடியில ஈரத்துண்டு, அதுக்குள்ள ஒரு கிலோ மங்குஸ்தான். நான் வண்டியைத் திருப்புறேன்... திரும்பலை! ஹேண்டில் ஒரு நொடி யோசிச்சது. அப்புறம் டக்குனு தேவைக்கு மேலேயே திரும்பிடுச்சு. பஸ் டிரைவர் அண்ணாச்சி அடிச்ச ஹாரன்ல, மரத்து மேல இருந்த குரங்குக் கூட்டமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. நண்பன் தோள்ல குத்தினான். "ஏல, ஒழுங்கா ஓட்டுல. அருவியில குளிக்க வந்தோமா, ஆஸ்பத்திரியில படுக்க வந்தோமா?"

நான் ஒழுங்காத்தான் ஓட்டினேன். அப்படித்தான் நினைச்சேன்.

போன ஜூலை கடைசி வாரம் அது. செமஸ்டர் முடிஞ்ச கையோட, பாளையங்கோட்டையில இருந்து அப்பாவோட 14 வயசு 100 சிசி வண்டியில கிளம்பினோம். பேட்டை, சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி. அம்பத்தஞ்சு கிலோமீட்டர் சொச்சம். தென்காசியில அத்தை வீடு. ரெண்டு நாள் அருவி, ஒரு ராத்திரி பார்டர் பரோட்டா. திட்டம் அவ்வளவுதான். மூணாவது நாளை ஒரு மெக்கானிக் ஷெட்டுல, கைநிறைய கிரீஸோட கழிப்போம்னு திட்டத்துல இல்லை.

குற்றால சீசன் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஜூன்ல தென்மேற்குப் பருவமழை கேரளாவைப் பிடிச்சதும், மலைக்கு இந்தப் பக்கம் மிச்சம் மீதி விழுறதுதான் சாரல். அது மழை இல்லை. குடை பிடிச்சா அவமானம், பிடிக்கலைன்னா ஜலதோஷம். நெல்லையில வெயில் மண்டையைப் பிளக்கும்போது, ஒரு மணி நேரத்துல வேற ஊருக்கு, வேற மாசத்துக்கே வந்துட்ட மாதிரி இருக்கும். ஆலங்குளம் தாண்டினதும் காத்துல ஈரம் வாசனை அடிக்கும். பாவூர்சத்திரத்துல வெயில் பல்லிளிக்கும், ஆனா சுடாது. தென்காசியில கையில முடி எந்திரிச்சு நிக்கும். ஊட்டிக்காரங்க சிரிப்பாங்க. நமக்கு இதுதான் குளிர், பாஸ்!

வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சதும் அங்கேதான். நெல்லையில நல்லாத்தான் ஓடினது. தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டத்துல மெதுவா ஊர்ந்தப்போ, நேரா போக மாட்டேன்னுது. இடது, வலது, இடது, வலதுன்னு குடிகாரன் மாதிரி. பேரருவி பார்க்கிங்குக்கு வரும்போது என் ரெண்டு தோளும் விறைச்சுப்போச்சு.

ஆளுக்கொரு டாக்டர்

ராத்திரி செங்கோட்டை போற வழியில பிரானூர் பார்டர். 1956-ல செங்கோட்டை தமிழ்நாட்டோட சேர்ற வரைக்கும் திருவிதாங்கூர் எல்லை இங்கேதான் இருந்தது. எல்லை போயிடுச்சு, பரோட்டா நின்னுடுச்சு. வாழையிலையில பிச்சுப் போட்டு, மேல சால்னாவை ஊத்தினா... சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க சோகத்தைப் பக்கத்து டேபிள்ல சொன்னோம். தமிழ்நாட்டுல வண்டி ரிப்பேர்னு வாயைத் திறந்தா போதும், இலவச ஆலோசனை கொட்டும். "ஃபோர்க் வளைஞ்சிருக்கும்", "சேஸிஸ் பெண்டு, வித்துருங்க", "டயர் மாத்துங்க", "தம்பி, இங்க அடிக்கிற காத்துக்கு யானையே ஆடும்". கடைசியாச் சொன்னவர் ஒரு லாரி டிரைவர். அவர் பேச்சை மட்டும் என்னால தள்ள முடியலை.

ஏன்னா அந்தக் காத்து சும்மா காத்து இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பெரிய மதில்னா, அதுல சில இடத்துல வாசல் திறந்திருக்கு. பெரிய வாசல் பாலக்காடு. தெற்கே ஆரல்வாய்மொழி. நடுவுல செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய். அரபிக்கடல்ல இருந்து வர்ற பருவக்காத்து மதில்ல முட்டி, இந்தச் சந்துல நுழையும்போது வேகம் பிடிக்கும். தண்ணி பைப்போட வாயைக் கட்டை விரலால பாதி மூடினா பீய்ச்சுமே, அதே கதைதான். தென்காசியைச் சுத்தி காத்தாடி ஆலைகள் நிக்கிறதும் இதை நம்பித்தான். காத்து வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்கு. நம்மை மாதிரி அம்பத்தஞ்சு கிலோ ஆளுங்க 100 சிசி வண்டியில போனா தட்டானுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

அதனால மறுநாள் காலையில ஒரு சோதனை. நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம்; லேப் ரெக்கார்டைத் தவிர வேற எங்கேயும் 'சோதனை'ன்னு எழுதினதில்லை. கடையநல்லூர் ரோட்டுல வடக்கே போனா மலை இடது கை பக்கம், காத்தும் இடமிருந்து. வண்டி வலப்பக்கம் ஒதுங்கணும், திரும்பி வரும்போது இடப்பக்கம் ஒதுங்கணும். ஒதுங்கினதுதான். ஆனா அந்தப் பாம்பு நடை தனியா, ரெண்டு திசையிலேயும் இருந்தது. அப்புறம் அத்தை வீட்டுத் தெருவுல, ரெண்டு பக்கமும் மாடி வீடு, இலை கூட அசையாத இடத்துல நடை வேகத்துல ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் இடது, வலது. காத்து நிரபராதி! முழுசா இல்லை, பாதி.

அடுத்த சந்தேகம் டயர். நாங்க நெல்லையில காத்து அடிச்சது மதியம் ரெண்டு மணிக்கு, ஊரெல்லாம் சுத்திட்டு, டயர் கொதிச்சிட்டு இருக்கும்போது. இது தப்பு. ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவு ஆறின டயருக்கு. டயருக்குள்ள 55 டிகிரி இருக்கும்போது முன்னாடி 25 அடிச்சோம்னு வைங்க. மறுநாள் காலையில குற்றாலத்துல 23 டிகிரி. பிளஸ் டூவுல படிச்ச அதே வாயு விதிதான். வெளிக்காத்து அழுத்தம் 14.7-ஐயும் கூட்டி, கெல்வின்ல போட்டுப் பாருங்க, 21 வரும். ஓட்டை இல்லாமலே நாலு பாயின்ட் காணாம போயிடுச்சு. பின் டயருக்கும் அதே கதி. அதுக்கு மேல நண்பனும் மங்குஸ்தானும். காத்து கம்மியான முன் டயர் ஹேண்டிலைக் கனமாக்கும், வளைவுல கொழகொழன்னு நெளியும். காலையிலேயே பங்க்குக்குத் தள்ளிட்டுப் போய்ச் சரியா அடிச்சோம். வண்டி லேசாச்சு. பாம்பு மட்டும் போகலை. சாரைப்பாம்பு தண்ணிப்பாம்பா ஆனது, அவ்வளவுதான்.

மூணாவது குற்றவாளியை நண்பன்தான் பிடிச்சான். "ஏல, நீ ஹேண்டிலைப் புடிச்சிருக்கிறதைப் பாரு. ஆட்டைக் கசாப்புக்குக் கொண்டு போற மாதிரில புடிச்சிருக்க." உண்மைதான். பழைய குற்றாலத்துல ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்துட்டு, ஈர டி-ஷர்ட்டோட வண்டியில ஏறினா, காத்து உடம்புச் சூட்டை உறிஞ்சும். பல் கிட்டும், தோள் காதுக்கு ஏறும், முழங்கை இரும்புக் கம்பியாகும். விறைச்ச கை, நம்ம உடம்பு ஆடுற ஆட்டத்தையெல்லாம் அப்படியே ஹேண்டிலுக்குக் கடத்தும். காத்து தோளைத் தள்ளுது, தோள் கையைத் தள்ளுது, கை சக்கரத்தைத் திருப்புது. காய்ஞ்ச சட்டை மாத்தி, மேல ஜெர்கின் போட்டு, முழங்கையைத் தளர்த்தி ஓட்டினேன். இன்னும் கொஞ்சம் சரியாச்சு. இது செலவே இல்லாத ரிப்பேர். சொன்ன பயலுக்கு ஒரு டீ.

(பழைய குற்றாலம்னதும் ஒண்ணு சொல்லணும். 2024 மே 17 அன்னைக்கு அங்கே திடீர் வெள்ளத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போய் இறந்தான். மலை மேல பெய்யிற மழை கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. தண்ணி நிறம் மாறினாலோ, போலீஸ் விசில் அடிச்சாலோ, 'இன்னும் ரெண்டு நிமிஷம் சார்'னு கெஞ்சாதீங்க.)

கோபுர வாசல் காத்து

மூணாவது நாள் காலை அத்தை கண்டிப்பா சொல்லிட்டாங்க. "ஏய்யா, காசிவிசுவநாதரைப் பாக்காம ஊருக்குப் போவக் கூடாது." போனோம். தென்காசிக் கோயிலுக்குப் போனவங்களுக்கு அந்த வாசல் தெரியும். ராஜகோபுரத்துக்குள்ள காலடி வைக்கும்போது காத்து நெஞ்சுல கை வெச்சுத் தள்ளும். வேட்டி கட்டினவங்க பாடு திண்டாட்டம். அதே கணவாய்க் காத்துதான், இங்கே கோபுரமே ஒரு சந்து.

கோபுரம் சுமார் 180 அடி. பழைய கோபுரம் சிதைஞ்சு, ரொம்ப வருஷம் மொட்டையா நின்னு, 1990-ல தான் இப்போ இருக்கிறது எழும்புச்சு. கோயிலைக் கட்டினவர் 15-ம் நூற்றாண்டுப் பராக்கிரம பாண்டியர். அவர் கல்வெட்டுல ஒரு விஷயம் இருக்கு. இந்தக் கோயில்ல பின்னாடி ஏதாவது குறை வந்து, அதைத் திருத்திச் சரி பண்றவங்க யாரா இருந்தாலும், அவங்க காலில் நான் இப்பவே விழுந்து வணங்குறேன்னு ராஜாவே சொல்றார். கட்டும்போதே 'இது ஒரு நாள் பழுதாகும்'னு ஒத்துக்கிட்ட ராஜா! நாங்க சர்வீஸ் புக்கைக் கூடத் திறந்து பார்த்ததில்லை.

கோயில் முடிச்சு ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஷெட். போர்டு கிடையாது. அண்ணாச்சிக்கு அறுபது வயசு இருக்கும். நான் காத்து, டயர், வாயு விதி எல்லாம் விளக்கினேன். அவர் காதுல வாங்கின மாதிரியே தெரியலை. வண்டியை சென்டர் ஸ்டாண்டுல போட்டார். "தம்பி, பின்னால அமுக்கு" என்றார். நண்பன் கேரியரை அமுக்க, முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கிட்டது. ரெண்டு விரலால ஹேண்டிலைப் பிடிச்சு, ரொம்ப மெதுவா இடமிருந்து வலமாத் திருப்பினார்.

நடுவுல, சக்கரம் நேரா வர்ற இடத்துல, 'டுக்'. அங்கேயே உக்காந்துடுச்சு.

"நீ திருப்பு" என்றார். திருப்பினேன். பள்ளத்துல இருந்து ஏறுற மாதிரி ஒரு தடங்கல். அதைத் தாண்டினதும் கனமா, தேன் டப்பாவுல கரண்டி சுத்துற மாதிரி நகர்ந்தது. நல்ல வண்டியில லேசாத் தொட்டாலே ஹேண்டில் தானா சரிஞ்சு ஒரு பக்கம் விழணுமாம். இது தொட்டாலும் விழலை, தள்ளினாலும் விழலை.

"கோன் செட்டு போச்சு. அதுக்கு மேல எவனோ டைட் வேற வெச்சிருக்கான். சமீபத்துல எங்கயும் காட்டுனியளா?"

காட்டியிருந்தோம். மூணு மாசம் முன்னாடி, பிரேக் பிடிச்சா முன்னாடி 'டக் டக்'னு சத்தம் வருதுன்னு எங்க ஏரியா கடை ஒண்ணுல அப்பா விட்டார். அவங்க ஹேண்டில் நட்டை இறுக்கிக் கொடுத்தாங்க. சத்தம் போயிடுச்சு, அப்பாவும் சந்தோஷமா வந்துட்டார்.

அண்ணாச்சி பிரிச்சுக் காட்டினார். ஹேண்டில் திரும்புற தண்டோட மேலேயும் கீழேயும் ரெண்டு கிண்ணம், அதுல வட்டமா இரும்புக் குண்டுகள். கீழ்க் கிண்ணத்தை விரலால தடவச் சொன்னார். குண்டு ஒவ்வொண்ணும் உக்காந்திருந்த இடத்துல ஒரு குழி! ஏன் அப்படி? நம்ம வண்டி பெரும்பாலும் நேராத்தான் ஓடுது. ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு பள்ளத்தோட அடியும், வருஷக்கணக்கா, அதே குண்டு வழியா அதே புள்ளியில இறங்குது. குழி விழுந்தா ஆட்டம் வரும், ஆட்டம் வந்தா சத்தம் வரும். சத்தத்தை நிறுத்த நட்டை இறுக்கினா குண்டு குழிக்குள்ள நல்லா அமுங்கி உக்காந்துக்கும். நோய் அப்படியே இருக்கு, இருமல் மட்டும் நின்னுடுச்சு.

அப்போ நெல்லையில ஏன் இவ்வளவு தெரியலை? இதைத்தான் நான் கேட்டேன். அவர் கிண்ணத்துல இருந்த கிரீஸை எடுத்து என் உள்ளங்கையில தேய்ச்சார். கறுப்பா, மெழுகு மாதிரி இருந்தது. நடு நடுவுல தண்ணி கலந்து வெளுத்த திட்டு. "வெயில்ல நிக்கும்போது இது இளகிக் கிடக்கும் தம்பி. இங்க மூணு நாளா வெயிலைப் பாத்துச்சா அது? சாரல்லயே நிக்கு." லடாக் குளிர்ல புது கிரீஸே கெட்டியாகும்னு படிச்சிருக்கேன். நம்ம குற்றாலக் குளிர் புது கிரீஸை ஒண்ணும் பண்ணாது. 14 வருஷத்து மெழுகுக்கு இந்தப் பதினஞ்சு டிகிரியே போதுமா இருந்தது. அதோட நெல்லையில நாங்க ஓட்டினது நேர் ரோடு. இங்கே வளைவு, கூட்டம், ஊர்ந்து போற வேகம்.

விழுந்துகிட்டே இருக்கிற வண்டி

இதுக்கும் பாம்பு நடைக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு சக்கர வண்டி நேரா நிக்கிறதே இல்லை. அது ஒவ்வொரு நொடியும் ஏதோ ஒரு பக்கம் விழுந்துகிட்டே இருக்கு. எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கம் முன் சக்கரம் துளியூண்டு திரும்பி, வண்டியைத் தாங்கிப் பிடிக்குது. பாதியை வண்டியே செய்யும், மீதியை நம்ம கை நமக்குத் தெரியாமச் செய்யும். ஹேண்டில் இறுகியிருந்தா இந்தத் துளியூண்டு திருத்தம் நடக்காது. வண்டி கொஞ்சம் அதிகமாச் சாயும். அப்புறம்தான் கைக்கு உறைக்கும். வேகமாத் திருப்புவோம், குழியில இருந்து துள்ளி ஏறும், தேவைக்கு மேல போயிடும். உடனே அடுத்த பக்கம். ஐந்தருவி வளைவுல ஹேண்டில் யோசிச்சதா நான் நினைச்சது இதைத்தான்.

பைக்கோட ஆட்டங்களை 1971-ல கணக்குப் போட்டுப் பிரிச்சவர் ராபின் ஷார்ப்னு ஒரு பிரிட்டிஷ் பொறியாளர். மெதுவா ஒரே பக்கமாச் சாயிறது ஒண்ணு, மொத்த வண்டியும் அலையிறது 'வீவ்', ஹேண்டில் மட்டும் படபடன்னு உதறுறது 'வாபிள்'. கோன் செட் லூஸா இருந்தா உதறல் பக்கம் போகும், டைட்டா இருந்தா அலைச்சல் பக்கம் போகும். லூஸுன்னா சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். டைட்டு ஊமைக் குசும்பன்.

இதைவிட எனக்குப் பிடிச்ச கதை வில்பர் ரைட்டோடது. விமானம் செய்யிறதுக்கு முன்னாடி அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சைக்கிள் வியாபாரம். இடது பக்கம் திரும்ப ஹேண்டிலை என்ன பண்ணுவீங்கன்னு சைக்கிள் ஓட்டுற பலரைக் கேட்டிருக்கார். இடது பக்கம் திருப்புவோம்னாங்க. உண்மையில எல்லாரும் முதல்ல ஒரு நொடி வலது பக்கம்தான் திருப்புறாங்க, அப்போதான் வண்டி இடது பக்கம் சாயும். தினமும் தான் செய்யிறது என்னன்னு ஒருத்தருக்கும் தெரியலை.

ஷெட்டுல இந்தக் கதையை நினைச்சுட்டு இருந்தப்போதான் சட்டுனு அப்பா ஞாபகம் வந்தது. இந்த வண்டியில அவர் தினமும் 18 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வர்றார். ரெண்டு மூணு மாசமா ராத்திரி தோள்ல தைலம் தேய்ச்சுக்கிறார். "வயசாவுது, வேற என்ன" என்பார். வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன்னா அது ஒரே நாள்ல கெட்டுப் போகலை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா இறுக, அவர் கையும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலா இழுத்திருக்கு. நாங்க மூணு நாள்ல கண்டுபிடிச்சோம்னா, எங்களுக்கு அந்த வண்டி புதுசுங்கிறதால மட்டும்தான். தோள் வலிக்குக் காரணம் கோன் செட்டுதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், நான் டாக்டர் இல்லை. ஆனா அந்த டவுன் பஸ் எனக்கு எதிரே வந்த மாதிரி, மழை நாள்ல அவருக்கு எதிரே வந்திருந்தா?

அண்ணாச்சி புதுக் கிண்ணம் அடிச்சு, கிரீஸ் அப்பி, குண்டு ஒவ்வொண்ணா அடுக்கினார். நட்டை இறுக்கும்போது ஸ்பேனரை விட விரலைத்தான் நம்பினார். கொஞ்சம் இறுக்குவார், திருப்பிப் பார்ப்பார். ஃபோர்க்கோட அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார். மறுபடி ஒரு துளி இறுக்குவார். ஆட்டம் போகணும், கனம் வரக் கூடாது. நடுவுல இருக்கிற இடம் தலைமுடி அளவுதான். அப்படியே பின்சக்கரச் செயின் பக்கம் குனிஞ்சு, ரெண்டு பக்கத்துக் கோடும் ஒண்ணா இல்லைன்னு அதையும் நேர் பண்ணினார். பார்ட்ஸும் கூலியும் சேர்த்து 650 ரூபாய். பரோட்டாவுக்கு வெச்சிருந்த காசு. நண்பன் முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

திரும்பி வரும்போது பாவூர்சத்திரம் வரைக்கும் சாரல் கூடவே வந்தது. காத்து இப்போ முதுகுல. ஹேண்டிலை ரெண்டு கையாலயும் சும்மா தொட்டுகிட்டு இருந்தேன், அது பாட்டுக்கு நேரா போச்சு. நண்பன் பின்னாடி தூங்கியே போயிட்டான்; ஹெல்மெட் என் ஹெல்மெட்ல 'டொக் டொக்'னு இடிச்சதுலதான் தெரிஞ்சது.

சாயந்திரம் வீடு. அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாம சாவியைக் கொடுத்தேன். பால் வாங்கப் போறேன்னு கிளம்பினார். தெருமுனையில திரும்பும்போது வண்டி லேசா உள்பக்கம் நெளிஞ்சது. பழைய பலத்துல இழுத்திருப்பார். உடனே சுதாரிச்சுக்கிட்டார். பால் கடை நாலு வீடு தள்ளித்தான். ஆனா மனுஷன் வர இருபது நிமிஷம் ஆச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்திருக்கார்னு அப்புறம் அம்மா சொன்னாங்க.

வண்டியை ஸ்டாண்டு போட்டுட்டு, ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரெண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"முன்னாடி காத்து எவ்வளவு வெச்ச?" என்றார்.

"இருபத்தஞ்சு" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு பாலோடு உள்ளே போய்விட்டார்.